பெறாதிருந்தால்

பையைப் பெட்டகத்தில் பூட்டச் சொன்னார்கள்.
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
லவால் நகர ஆவணக் காப்பகத்தில்
குளிர்பெட்டி பழுதுபார்க்கிறவனுக்கு
ஒரு நாள் விடுப்புக்கு ஒரு நாற்காலி.

அனுப்பியவள் அக்கா கிஸ்லேன்.
எங்கள் குடும்பப் பெயருக்கு முன்னால்
பிரபுக்களுக்குரிய ஒரு 'து' இருந்ததாம்,
புரட்சியின்போது பயந்து கழற்றி வைத்தார்களாம்.
அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால்
ஒரு கோட்டையும் அகழியும் நாலு வேட்டை நாய்களும்
அவளுக்காகக் காத்து நிற்கின்றன.

பின்னோக்கிப் போனேன்.
கொள்ளுத்தாத்தாவின் தகப்பனைத் தாண்டியதும்
குடியரசு பெயர் மாற்றிய மாதங்கள் வந்தன,
மூடுபனி மாதம், காற்று மாதம்.
அவற்றையும் தாண்டினால்
பங்குச் சாமியார்களின் கையெழுத்து,
எறும்பு மையில் நடந்த மாதிரி.

1709, சனவரி இருபத்தொன்று.
லா ஷாப்பெல்-ஒ-ரோன்ஸ்.
எழுத்து வெளிறியிருக்கிறது.
மை உறைந்துபோனது, கக்கத்தில் வைத்து உருக்கினேன்
என்று ஓரத்தில் சாமியாரே எழுதியிருக்கிறார்,
முந்நூறு ஆண்டு கழித்து வரப்போகிறவனிடம்
மன்னிப்புக் கேட்பதுபோல.

அதன் கீழே என் ஆள்.
மத்துரேன் த்ரூவே.
கயிறு திரிக்கும் ஜாக் த்ரூவேக்கும்
முறைப்படி மணந்த ரெனே பெஸ்னாருக்கும்
பிறந்த மகன். பிறக்கும்போதே நீலம்.
கோயில்வரை தூக்கிப்போக நேரமில்லை.
மருத்துவச்சி கியுமீன் ஊர்சோ
வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்தாள்.

குடத்தில் நீர் இல்லை, கல் இருந்தது.
அடுப்பில் சாம்பல்.
ஒரு சில்லை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.
வாயிலிருந்தே ஊற்றினால் மந்திரத்தை யார் சொல்வது?
ஊற்றுகிறவள்தான் சொல்ல வேண்டும், ஊற்றும்போதே.
ஆகவே உள்ளங்கையில் உமிழ்ந்து
நெற்றியில் வார்த்து
வார்க்க வார்க்கச் சொன்னாள்.

சாமியாருக்கு ஐயம்: நீரா, எச்சிலா?
எச்சில் செல்லாது.
மூன்று முறை கேட்டேன்,
மூன்று முறையும் நீர்தான் என்றாள்
என்று பதிந்துவிட்டு,
பிழைத்துக்கொண்ட பிள்ளையின் தலையில்
கங்கில் சூடாக்கிய நீரை மறுபடி ஊற்றுகிறார்,
இம்முறை ஒரு சொல் கூட்டி:
நீ இன்னும் பெறாதிருந்தால்,
நான் உனக்கு.

பெறாதிருந்தால்.
தச்சர்கள், ஓடிப்போன ஒரு கடன்காரன்,
வெர்தூனில் காணாமற்போன இரண்டு பேர்,
கோட்டை கேட்கிற அக்கா, நான்,
எல்லோரும் அந்தச் சொல்லின் கடைசி 'ஆல்' பற்றி
விழுதாய்த் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

நான் சோறு தின்பது குளிரால்.
நீர் எந்த நொடியில் கல்லாகும் என்று தெரியும்.
ஒரு வாய் எவ்வளவு உருக்கும் என்று
கணக்குப் போட்டதில்லை.
மதியம் எதிர்க்கடையில் ஒரு பனிக்கட்டி கேட்டேன்,
குடிக்க எதுவும் வேண்டாம் என்றேன்.
கடைக்காரர் பார்த்த பார்வை இருக்கட்டும்.
நாலு நிமிடம். காதுவரை பல் கூசியது.
உள்ளங்கையில் விழுந்தது அரைக் கரண்டி.
அவளுக்கு அப்போது எத்தனை பல் மிச்சமோ.

திரும்பி வந்து பக்கத்தைப் புரட்டினேன்.
அடக்கங்கள். அந்த மாதம் மட்டும் முப்பத்தொன்று.
மத்துரேன் அதில் இல்லை.
பிப்ரவரி மூன்று: கியுமீன் ஊர்சோ,
வயது அறுபது இருக்கலாம்,
கூட வந்தவர்களுக்குக் கையெழுத்திடத் தெரியாது.

அக்கா கொடுத்த வரைபடத்தில்
தகப்பனுக்கு ஒரு கட்டம், தாய்க்கு ஒரு கட்டம்,
ஞானத்தாய்க்குக்கூடப் பொடி எழுத்தில் ஓர் இடம்.
இவளுக்கு எதுவுமில்லை.
தாளின் ஓரத்தில், பென்சிலால்,
பெயரை மட்டும் எழுதினேன்.
எந்தக் கோட்டோடும் சேர்க்கத் தெரியவில்லை.

வாசலில் தொலைபேசி அடித்தது.
'து' கிடைத்ததா என்றாள்.
நாக்கு இன்னும் மரத்திருந்தது.
ஐந்து மணிக்கு மூடிவிடுகிறார்கள் என்றேன்.